தலையில்லாத தோல்

கொழுப்பை வழித்துக்கொண்டு போன கத்தி ஓரிடத்தில் தட்டி நின்றது. ஓநாயின் வலது விலாவில், தோலின் உட்புறம், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு தடிப்பு. ஆறிப்போன பழைய காயம். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் காட்டில் ஓடித் திரிகிற எதன் தோலிலும் ஏதாவது ஒரு சண்டையின் அடையாளம் இருக்கும். வாங்குகிறவர் விளக்குக்கு நேரே பிடித்து முகம் சுளிப்பதற்கு முன்னால் நானே பார்த்து வைத்துக்கொள்வது வழக்கம். கட்டைவிரலால் தடவினேன். தடிப்பின் இரண்டு பக்கமும் கடுகு கடுகாகப் புள்ளிகள், ஜோடி ஜோடியாக. ஓநாய்க்கு யாரும் தையல் போடுவதில்லை.

எதிரே ஜினைதா உட்கார்ந்து, சேபிள் என்கிற கீரி மாதிரிக் காட்டுப்பிராணியின் தோல்களுக்கு மரத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜினைதா என் தம்பி கவ்ரிலின் மனைவி. நான்கு மாதமாக என் வீட்டில்தான் இருக்கிறாள். மரத்தூள் எண்ணெய்ப்பசையை இழுத்த பிறகு தோலைக் குச்சியால் தட்டி உதறி, மயிரைச் சீவி, வாயால் ஊதிப் பார்ப்பாள். ஊதின இடத்தில் மயிர் விலகி அடியில் நீலச்சாம்பல் பஞ்சு தெரிந்தால் முதல்தரம். வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டரில் வியாபாரி வருகிறார். அதற்குள் நாற்பது சேபிளும் இந்த ஓநாயும் முடிய வேண்டும்.

ஓநாயை முந்தாநாள் கொண்டுவந்தது புரொக்கோப்பி. கலைமான் மந்தையைப் பார்த்துக்கொள்கிறவர். இந்தக் குளிர்காலத்தில் மட்டும் பதினைந்து மான்களை ஓநாய்களுக்குப் பறிகொடுத்தவர். உரித்துச் சுருட்டி, உறைந்து கட்டையாகிப்போன தோலை வாசலில் போட்டார். "தல குண்டு பட்டுச் செதறிருச்சு, அக்குலினா. அங்கயே விட்டுட்டேன்" என்றார். ஜினைதாவா சும்மா இருப்பாள்? "நெசமா சுட்டீங்களா, இல்ல உங்க மூஞ்சியப் பாத்தே மயங்கி விழுந்துச்சா அண்ணே?" என்றாள். அவள் கேலி பேசியே ரொம்ப நாளாகியிருந்தது. நான் சிரித்தேன். புரொக்கோப்பி சிரிக்கவில்லை, டீயும் குடிக்காமல் போய்விட்டார். அது அப்போது என் மனதில் தைக்கவில்லை.

புள்ளிகளை எண்ணினேன். பதினோரு ஜோடி. கடைசி இரண்டு மட்டும் நெருக்கமாக, கோணலாக. அந்தக் கோணல் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், செப்டம்பரில், கவ்ரிலின் நாய் சிப்கானைக் கரடி கிழித்துப்போட்டது. கவ்ரில் அதன் வாயைக் கையால் பொத்திப் பிடித்துக்கொள்ள, மான் நரம்பு நூலால் நான்தான் தைத்தேன். முடிக்கிற நேரத்தில் நாய் துள்ளியதில் கை விலகிவிட்டது. நாய் அழவில்லை, என் தம்பிதான் அழுதான்.

தோலைப் புரட்டினேன். சாம்பல் மயிர், முதுகில் கறுப்பு. ஓநாய் என்றால் ஓநாய்தான். ஆனால் ஓநாயின் வால் நேராகத் தொங்கும், இந்த வால் மேல்பக்கமாக வளைந்து காய்ந்திருந்தது. சிப்கான் அக்டோபரிலேயே கவ்ரிலோடு தண்ணீருக்குள் போய்விட்டது என்றுதானே எல்லாரும் சொன்னார்கள். ஆறு சரியாக உறையாத நேரம். அவன் பனிவண்டி மூக்குக் குத்தி நின்ற பனிக்கட்டி ஓட்டையைப் பார்த்தார்கள், சுற்றிலும் புதுப்பனி மூடிக் கிடந்தது, ஒரு தடமும் இல்லை. எதிர்க்கரைக்குப் போக யாருக்கும் தைரியம் வரவில்லை. உடல் இல்லாமலே இறுதிச்சடங்கு செய்தோம்.

"என்ன அண்ணி, கத்தி பட்டுருச்சா?"

ஜினைதா எழுந்து வந்தாள். நான் மறைக்கப் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தோலின் மேல் கையை விரித்து வைத்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். தழும்பைப் பார்த்தாள். மரத்தூள் ஒட்டியிருந்த கையால் அதைத் தொட்டாள், பிறகு குனிந்து மயிரை முகர்ந்தாள். எனக்குத் தெரிந்து யாரும் அப்படித் தோலை முகர்ந்ததில்லை. அவள் கத்துவாள் என்று பயந்தேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கால் மணி நேரத்தில் புரொக்கோப்பியின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

மேசைமேல் கிடந்த தோலைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

"இருநூறு அடி தூரம் இருக்கும் தங்கச்சி. நேரா என்னப் பாத்து ஓடி வந்துச்சு. ஓநாய் அப்படி வராதுன்னு அந்த நேரத்துல தோணல. சுட்டேன். உடனே ரேடியோவுல மந்தைக்காரங்ககிட்ட சொல்லிட்டேன், ஓநாய் விழுந்துருச்சுன்னு. எல்லாரும் கத்துறாங்க, பாடுறாங்க. அப்புறம்தான் கிட்டப் போய்ப் பாத்தேன்."

"பாத்து?" என்றேன்.

"நாய்னு தெரிஞ்சுச்சு. யார் நாய்னு தெரியல."

"தெரிஞ்சுக்க வேணாம்னுதான தலய அங்கயே விட்டுட்டு வந்தீங்க?"

அவர் தொப்பியைக் கைக்குள் சுருட்டினார். இன்னும் கேட்க எனக்கு நூறு கேள்வி இருந்தது. ஜினைதா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"எதிர்க்கரைல... மேல அந்தப் பழைய குடிசை இருக்குல்ல, கூர விழுந்தது. அந்தப் பக்கமிருந்து" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி நின்றார். அடுப்பில் விறகு வெடித்தது. மூன்று பேரும் திடுக்கிட்டோம். அந்தக் குடிசைக்கும் ஆற்று ஓட்டைக்கும் ஐந்து கிலோமீட்டர்தான். நனைந்த உடம்போடு ஒரு மனிதன் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று அக்டோபரில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூடப்பிறந்தவள் நான்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பனிவண்டிகளில் கிளம்பினோம். புரொக்கோப்பி முன்னால் போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆறு இப்போது லாரி போகிற அளவுக்கு இறுகிக் கிடந்தது. குளிரில் இமைமயிர் ஒட்டிக்கொண்டது. வழி முழுக்க ஜினைதா என் முதுகில் நெற்றியை அழுத்தி வைத்திருந்தாள். எதை நினைத்துக்கொண்டு வருகிறாள் என்று நான் கேட்கவில்லை. நான் நினைத்ததை அவளிடம் சொல்லவுமில்லை.

கூரை ஒரு பக்கம்தான் விழுந்திருந்தது. கதவிருந்த பக்கம் நின்றது. ஜன்னல் வரை பனி. புகைக்குழாயில் புகை இல்லை. கதவிலிருந்து காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை ஒன்று போயிற்று. நாலு மாதம் ஒரே நாயின் கால்கள் போய்வந்து மிதித்த பாதை. சிமெண்டுத் தரை போல இறுகியிருந்தது. இரண்டு பக்கமும் இடுப்பளவு பனி நிற்க, அது மட்டும் வாய்க்கால் மாதிரி உள்ளே இறங்கிக் கிடந்தது. கதவின் அடிப்பலகை நகம் பட்டுப் பட்டு வெள்ளை மரம் தெரியத் தேய்ந்திருந்தது.

வாசலில் ஏதோ விறகு குவித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனதும் என் கால் நின்றுவிட்டது. அத்தனையும் முயல்கள். உறைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட வெள்ளை முயல்கள், எதுவும் முழுசாக இல்லை. எல்லாவற்றிலும் முன்பாதி தின்னப்பட்டிருந்தது. தொடைக்கறி உள்ள பின்பாதி, பல் படாமல், கதவோரம் வைக்கப்பட்டிருந்தது. அடியில் கிடந்தவை பனிக்கட்டிக்குள் புதைந்திருந்தன, அந்தக் கதவை நாலு மாதமாக உள்ளிருந்து யாரும் திறக்கவே இல்லை. மேலே இருந்ததன் மீது பனி கூட விழவில்லை.

புரொக்கோப்பி வண்டியை விட்டு இறங்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தவும் மறந்துவிட்டார், அது உறுமிக்கொண்டே இருந்தது.

ஜினைதா மண்டியிட்டாள். கையுறையைக் கழற்றிவிட்டு, மேலே இருந்த முயலைப் பூப்போல எடுத்துப் பக்கத்தில் பனியில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.