வாகனம் வராத கரை

மேல்மாடி வசந்த்குமார் தன் வீட்டுப் பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து கொடுத்தபோது அம்பிகா சந்தோஷப்பட்டாள். மறுநாள் மிக்ஸி வந்தது. பிறகு அரிசியும் பருப்பும் மிளகாய்த்தூளும் வாய் கட்டிய பைகளில் வந்தன. சனிக்கிழமை காலை வீட்டுச் சாவி வந்தது.

கதவைச் சாத்திவிட்டுக் கணவனிடம் வந்தாள்.

“இஞ்சாருங்கோ, அந்தத் தம்பியின்ரை முகம் சரியில்லை. சைக்கிள் ஓடப் போறாராம். தனிய விடாதேங்கோ.”

யோகலிங்கம் தொலைக்காட்சியை அணைத்தான். வன்னியிலிருந்து வரும் போர்ப் படங்களை அந்த மாதங்களில் அவர்கள் காலையிலும் பார்த்தார்கள், வேலை முடிந்து வந்தும் பார்த்தார்கள். காலில் மாட்டச் சப்பாத்தைத் தேடினான். குக்கர் வந்த அன்றே அவனுக்கு அரியரத்தினத்தின் நினைவு வந்திருந்தது. அகதி விடுதியில் அடுத்த கட்டிலில் படுத்தவன். ஒரு வாரத்தில் ரேடியோவை ஒருவனுக்கும் கம்பளியை ஒருவனுக்கும் கொடுத்தான். கடைசி நாள் எல்லோருக்கும் இறைச்சிக்கறி வைத்துப் போட்டான். மறுநாள் ரயில் பாதையில் கிடந்தான்.

வசந்த்குமார் மேல்மாடியில் குடியிருந்தான். கோயம்புத்தூர்க்காரன். ஜெர்மனியின் எல்லையோரச் சார்புருக்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் கணினி ஆராய்ச்சி. இலையுதிர் காலத்தில் அவன் மனைவி மீராவுக்குக் காய்ச்சல் வந்தது, அது மூளைக்கு ஏறியது, அவ்வளவுதான். ஊர் வேறு, நாடு வேறு என்றாலும், இழவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அம்பிகா ஒரு மாதம் சமைத்து மாடிக்குக் கொண்டுபோனாள். அவன் சாப்பிட்டான். நன்றி சொன்னான். அழவில்லை. இழவு வீட்டு ஆளை ஆண்டு முடியும்வரை தெருவில் தனியே விடக் கூடாது என்பது யோகலிங்கத்தின் ஊர் வழக்கம். இந்த ஊரில் எல்லோரும் தனியேதான் போனார்கள்.

கீழே வசந்த்குமார் இரண்டு சைக்கிள்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். தானும் வருவதாக யோகலிங்கம் சொன்னான். வசந்த்குமார் மீராவின் சைக்கிளை அவன் பக்கம் தள்ளினான். முன்னால் பிரம்புக் கூடை வைத்த, தாழ்ந்த சைக்கிள். இருக்கையை உயர்த்த யோகலிங்கம் கை வைத்ததும், அது அப்படியே இருக்கட்டும் என்று தடுத்தான்.

“முழங்கால் நாடியிலை இடிக்கப் போகுது. கூடைக்குள்ளை நாலு மீனையும் போட்டா நான் சந்தைக்குப் போற ஆள்தான்.”

வசந்த்குமார் சிரிக்கவில்லை.

போகிற வழியில் கொஞ்சம் பேசினான். மீரா சைக்கிள் பழகியதே இந்த ஊருக்கு வந்த பிறகுதான். லாரி உறுமினாலே இறங்கி நின்றுவிடுவாள். அதனால் வாகனம் வராத பாதைகளாகத் தேடித் தேடி வைத்திருந்தாள். ஆற்றங்கரை, அது முடிகிற இடத்தில் கால்வாய்க்கரை, அதற்கப்பால் டிராக்டர் மட்டும் போகிற ஊர்ச்சாலைகள். வசந்தம் வந்ததும் போகலாம் என்றிருந்தார்களாம். எவ்வளவு தூரம் என்று யோகலிங்கம் கேட்டதற்கு, ஆற்றங்கரை வழியாகச் சும்மா கொஞ்சம் என்றான்.

ஆற்றங்கரை என்றால் பயமில்லை என்று யோகலிங்கம் நினைத்துக்கொண்டான். அவனுடைய பயம் வேறு. பத்து வருடமாக அவன் கையில் இருந்தது டுல்டுங் என்கிற கடதாசி, குறுக்கே சிவப்புக் கோடு போட்டது. ‘திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான்’ என்பது அதன் பொருள். இப்போது நெடுநாள் இருந்தவர்களுக்கு நிரந்தர விசா கொடுக்கிறார்கள் என்று அவனும் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், நேரில் வரச் சொன்ன நாள். வக்கீல் அவனையும் அம்பிகாவையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: அதுவரை ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறாதே, யாரோடும் சண்டை பிடிக்காதே, முக்கியமாக எல்லையைத் தாண்டாதே. தாண்டினால் அந்த நிமிடமே கடதாசி செத்துப்போகும், அன்ட்ராக்கும் அதோடு போகும். பிறகு கொழும்பு விமானந்தான்.

நகரம் முடிந்ததும் பாதை ஆற்றோடு ஒட்டிக்கொண்டது. வழவழப்பான தார். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் இலை துளிர்க்காத நெட்டை மரங்கள். எதிரே ஒரு கிழவரும் நாயும் வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வெறும் தெரு யோகலிங்கத்துக்குப் பிடிக்காது. அவன் ஊரில் தெரு வெறிச்சோடினால் முன்னால் ஏதோ நடக்கப் போகிறது என்று பொருள். இராணுவச் சுற்றிவளைப்பாக இருக்கும், அல்லது ஹெலிகொப்டர் வரும். ஓரத்துப் புல்லில் சக்கரம் படாமல் நடுத்தாரிலேயே ஓட்டினான். பத்து வருடமாகியும், கண்ணிவெடிக்குப் பயந்து பழகிய அவன் காலுக்குப் புல்லில் மிதிக்க வரவில்லை.

ஒரு வளைவில் அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. அதிலிருந்த எழுத்தை அவனால் கூட்டிப் படிக்க முடிந்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. சட்டென்று பிரேக்கைப் பிடித்தான். ஜெர்மன் அல்ல. எல்லைக்கல் இல்லை, கொடி இல்லை, காவற்கூண்டு இல்லை. குப்பைத் தொட்டியின் நிறம்கூட மாறியிருந்தது. எத்தனை தூரத்துக்கு முன்பே தாண்டிவிட்டோம் என்று தெரியவில்லை. ஆற்றுக்கு அந்தக் கரை ஜெர்மனி. அவன் நிற்கிற கரை பிரான்ஸ்.

“தம்பி” என்று கூப்பிட்டான். இன்னொரு தரம் உரக்கக் கூப்பிட்டான்.

வசந்த்குமார் திரும்பிப் பார்க்கவில்லை. மிதித்துக்கொண்டே போனான். அவனுக்கு எல்லை என்று ஒன்று கிடையாது. பையில் இந்தியப் பாஸ்போர்ட்டும் அதில் ஒட்டிய நல்ல விசாவும் இருந்தன. தமிழர்களில் இப்படி இரண்டு வகைக் கடதாசி உண்டு என்பதை அவன் யோசித்துப் பார்த்ததே இல்லை. யோகலிங்கமும் சொன்னதில்லை. அது சாப்பாடு கொடுக்கிற வீட்டுக்காரன் சொல்கிற கதையல்ல.

இப்போதே திரும்பினால் யாருக்கும் தெரியாது. யோகலிங்கம் சைக்கிளைத் திருப்பவும் செய்தான். பிறகு முன்னால் பார்த்தான். வசந்த்குமாரின் முதுகு சிறியதாகிக்கொண்டே போனது. மெல்லக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு, சைக்கிளை மறுபடியும் திருப்பி மிதித்தான்.

பிரான்சின் சார்கெமின் நகரத்து வீடுகளின் பின்புறம் வந்து போயிற்று. ஆற்றை விட்டுப் பிரிந்து கால்வாய் தொடங்கியது. இங்கே தண்ணீர் ஓடவில்லை. பச்சையாக, அசையாமல் கிடந்தது. ஓரத்தில் ஒரு நாரை நின்றது. சன்னல்கள் அடைத்த வீடு ஒன்று, அதன் எதிரே நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகுகளை ஏற்றியிறக்கும் ஆழமான கல்தொட்டி. இரண்டு பக்கமும் கனத்த மரக்கதவுகள். நீர் இறங்கியிருந்தது. வழுக்குப் பாசி பிடித்த சுவர் செங்குத்தாகக் கீழே போயிற்று.

வசந்த்குமார் அதன் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டிருந்தான். கைக்கடிகாரத்தையும் போனையும் கழற்றிக் கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான்.

“அண்ணா, நீங்க கிளம்புங்க. இந்த ரோட்டைப் பிடிச்சுட்டே போனா வீடு வந்துரும்.”

யோகலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. கையைப் பிடிக்கப் போனால் குதித்துவிடுவான் என்று தோன்றியது. தள்ளியே நின்றான். நீந்தத் தெரியும், ஆனால் அந்தச் சுவரில் பிடிக்க ஒன்றுமில்லை.

“எனக்குத் தனியப் போக ஏலாது, தம்பி.”

“நேர் ரோடுதான்.”

“ரோட்டு இல்லைப் பிரச்சினை. நான் இஞ்சை நிக்கவே கூடாது.”

சொன்னான். சிவப்புக் கோடு, செவ்வாய்க்கிழமை, வக்கீல் சொன்னது, விமானம். எல்லாவற்றையும் வரிசையில்லாமல் சொன்னான். வசந்த்குமார் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான்.

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“கூப்பிட்டனான். நீங்கள் திரும்பிப் பாக்கேல்லை.”

கதவின் இடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீங்கள் இதுக்குள்ளை விழுந்தா பொலிஸ் வரும். பக்கத்திலை நிண்டவன் ஆர் எண்டு கேக்கும். கடதாசி இல்லாத கறுப்பன், செத்த ஆளின்ரை பெண்சாதியின்ரை சைக்கிளோடை. தள்ளிவிட்டனோ எண்டு கேட்டா என்ன சொல்லுறது? அவங்கடை பாசையும் எனக்குத் தெரியாது.” பயந்துதான் சொன்னான். அது நடிப்பல்ல. “குக்கரைக் குடுத்தியள், மிக்ஸியைக் குடுத்தியள், சாவியையும் குடுத்தியள். என்னை ஆரிட்டைக் குடுத்திட்டுப் போறியள்?”

நாரை பறந்துபோயிற்று. பிறகு வசந்த்குமார் கடிகாரத்தை எடுத்துக் கட்டப் பார்த்தான். வார் துளைக்குள் போகவில்லை. யோகலிங்கம் மெதுவாகக் கிட்டப் போய் அதைக் கட்டிவிட்டான். கட்டியபின் கையை விடவில்லை. மறுகையால் போனையும் எடுத்துக்கொண்டு விளிம்பிலிருந்து அவனை எழுப்பிக்கொண்டு வந்தான்.

திரும்புகையில் வசந்த்குமார் அடிக்கடி திரும்பிப் பார்த்தான். பேச்சு வந்திருந்தது. அவசரமும் வந்திருந்தது. எவ்வளவு சீக்கிரம் ஜெர்மன் மண்ணில் கால் வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது என்றான். பாதி வழியில் ஆற்றுக்குக் குறுக்கே நடைபாலம் ஒன்று இருக்கிறது, ஏறி இறங்கினால் ஜெர்மனி என்றான். யோகலிங்கத்துக்கும் அது சரியென்றுதான் பட்டது. வந்த வழியே போயிருந்தால் கிழவரையும் நாயையும் தவிர அவர்களை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த வசந்தத்தில் எல்லைப் பக்கம் பெரிய தலைவர்களின் மாநாடு ஒன்று நடக்கவிருந்தது. வருடக்கணக்கில் திறந்து கிடந்த எல்லையில் மறுபடியும் சோதனை போட்டிருந்தார்கள். செய்தியில் சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டில் வன்னிச் செய்தி மட்டும் ஓடியது. மற்ற வீட்டில் எந்தச் செய்தியும் ஓடவில்லை.

பாலத்தின் உச்சிக்கு வந்தபோது மறுமுனையில் வெள்ளையும் பச்சையுமான வேன் தெரிந்தது. பொலிஸ்காரி ஒருத்தி கையை உயர்த்தினாள். திரும்ப முடியாது. அவள் பார்த்துவிட்டாள்.

வசந்த்குமாரின் பாஸ்போர்ட்டைப் புரட்டிக் கொடுத்தாள். யோகலிங்கம் சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசியை எடுத்தான். சிவப்புக் கோட்டைக் கண்டதும் அவள் அவனையும் பார்த்தாள், அவன் பின்னாலிருந்த பாலத்தையும் பார்த்தாள். கடதாசியை வேனுக்குள் கொண்டுபோனாள்.

வசந்த்குமார் அவள் பின்னாலேயே போனான். வேனின் கதவருகே நின்று ஆங்கிலத்தில் பேசினான். யோகலிங்கத்துக்குப் பாதிதான் விளங்கியது. மனைவி, தண்ணீர், சாவு. என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் இவர் எல்லை தாண்டினார் என்று அவன் மறுபடி மறுபடி சொல்வது விளங்கியது. மாதக்கணக்கில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன், மூச்சுவிடாமல் பேசினான். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு எழுதினாள்.

வெளியே வந்து யோகலிங்கத்திடம் ஜெர்மனில் நிதானமாகச் சொன்னாள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிக்கை போகும். அதை என்னால் நிறுத்த முடியாது. உங்கள் நண்பர் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். அவர்கள் அதைப் படிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடதாசி இனிச் செல்லாது என்பது உங்களுக்குத் தெரியுமா?

“யா” என்றான் யோகலிங்கம்.

வீட்டு முகவரியையும் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் டெர்மின் இருப்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு அவனைப் போகவிட்டாள். செவ்வாய்க்கிழமை கட்டாயம் அங்கே நிற்க வேண்டும் என்றாள்.

பாலத்தை விட்டு இறங்கிச் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு நடந்தார்கள். அம்பிகாவிடம் எப்படிச் சொல்வது என்று யோகலிங்கம் யோசித்தான். ஆத்திரம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

“செவ்வாய்க்கிழமை நானும் வர்றேன்ணா. நடந்ததை அங்க நானே சொல்றேன்.”

“அங்கை உங்கடை இங்கிலீசு எடுபடாது. டொய்ச் பாசையிலை சொல்லவேணும்.”

“கத்துக்கறேன்.”

“செவ்வாய்க்குள்ளையோ?”

வசந்த்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்தக் கரையில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை இல்லை. வீட்டுக்குப் போவதென்றால் பெருந்தெருவில்தான் போக வேண்டும். பஸ்களும் லொறிகளும் காற்றை அறைந்துகொண்டு போயின. வசந்த்குமார் தெருவோரமாக ஏறி மிதிக்கத் தொடங்கினான். யோகலிங்கம் முழங்கால்கள் இடிக்க அவனுக்கு இடப்பக்கமாக, லொறிகள் வருகிற பக்கமாக, ஒட்டிக்கொண்டே ஓட்டினான். பின்னாலிருந்து ஒருவன் ஹோர்ன் அடித்தான். அவன் விலகவில்லை.