சம்பந்தி வீட்டு ஜெனரல்

…கேட்டிருக்கவே கூடாது, ஆனால் யாழ்ப்பாணத்து வாய் சும்மா இருக்குமா, கலியாணம் பேச ஒரு வீட்டில் கால் வைத்தால் முதல் கேள்வி அதுதானே, எந்தப் பகுதி, ஆற்றை பிள்ளை, யாருடைய வம்சம்… என் மகள் யோகா விரும்பும் பெடியன் மிஷாவின் தகப்பன் நிக்கொலாயிடம் அதைத்தான் இங்கிலீஷில் கேட்டேன், மனுசன் திணறுவார், குலம் கோத்திரம் தெரியாத இடத்தில் பெண் கொடுக்க மாட்டோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் ஏறி, பின்னேரத் தேத்தண்ணிக்குப் பென்டில் ஹில் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு. மனுசன் திணறவில்லை. பீட்ரூட் சூப் ஆறிவிட்டது, அவர் இன்னும் பாட்டனாரின் பாட்டனாரிலேயே நிற்கிறார், ரஷ்ய ஜெனரல், நெப்போலியனைப் பனிக்குள் விரட்டியவராம், குதிரை செத்தும் இறங்கவில்லையாம்… செத்த குதிரையில் எப்படி ஐயா இருப்பது? சுவரில் படம் வேறு, அந்த மீசையையும் பதக்கங்களையும் ஒரு ஆணி தாங்குமா என்று பயமாக இருக்கிறது.

"சொல்லுங்கோவன், ஏலாதெண்டு" என்று மனைவி விமலாதேவி காதைக் கடிக்கிறாள். முடியாது என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் ஜெனரல் அல்லவா… கோயிலில் கோபாலகிருஷ்ணன் தன் சம்பந்தி வீட்டில் மூன்று டொக்டர் என்று எத்தனை வருசமாக வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறான், சிட்னியில் தடுக்கி விழுந்தால் டொக்டர் மேல்தான் விழவேண்டும், ஜெனரல் வைத்திருக்கிறானா? கலியாணக் கார்ட்டில் போட இடம் இருக்குமா… மிஷா யோகாவின் தட்டில் உருளைக்கிழங்கு வைக்கிறான், அட, அந்த மூக்கு! நடுவில் அதே மேடு, இரத்தம் சும்மா விடுமா. "மூக்கைப் பாருமப்பா, ஜெனரலின்ர அச்சு அசல்" என்கிறேன், தமிழில்தானே, யாருக்கு விளங்கும்.

யோகாவுக்கு விளங்கியது. "அப்பா, மிஷா அடொப்டட். அண்டைக்கே சொன்னனானெல்லே, நீங்கள் வேர்ல்ட் கப் பாத்துக்கொண்டு ஓம் ஓம் எண்டனீங்கள்."

அடொப்டட். தத்துப்பிள்ளை… அப்போ ஜெனரல்? அப்போ கார்ட்? தெரிந்துகொண்டா இந்த மனுசன் இவ்வளவு நேரம் அளந்தார்… நிக்கொலாய் எழுந்து மகனின் தோளில் கை போடுகிறார், படத்தைக் காட்டி, இவனும் அவரைப் போலவே பிடிவாதக்காரன் என்கிறார், சொல்லும்போது கண் கலங்குகிறது, முகத்தில் ஒரு துளி பொய் இல்லை. ஆற்றை பிள்ளை என்று கேட்டவன் நான், அவர் அதற்குத்தான் இவ்வளவு நேரமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாரா? ஏலாது என்று சொல்ல இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது, விமலாதேவி முழங்கையால் இடிக்கிறாள், யோகா என்னையே பார்க்கிறாள், வாயைத் திறக்கிறேன், திறந்த வாயோடு படத்தைப் பார்க்கிறேன், பெடியனைப் பார்க்கிறேன், மறுபடி படம்… அதே மூக்குத்தான்.