உள்ளங்கை அகலப் பொத்தான்கள்

லேபிள் அச்சகத்தில் அவரை எல்லாரும் 'டிசைனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருப்பது அவருக்கும் கண் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும், மனைவிக்குத் தெரிந்தால் அவள் தூக்கம் போகும். அதனால் வாயைப் பூட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து, உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தான்கள். எது எங்கே என்று கைக்கு மனப்பாடம். யாராவது கேட்டால், "கண்ணுக்கு இதமா இருக்கு" என்பார். பாதி உண்மை கலந்த பொய் சீக்கிரம் சாயம் போகாது.

மனைவி அதே அச்சகத்தில் பில் போடுகிறவள். மதியம் அவர் கை கழுவப் போனபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரை சந்தைக்கடையாகக் கிடந்தது. வீட்டு அலமாரியை ஒழுங்குபண்ணுகிற அதே அக்கறையோடு எல்லாவற்றையும் புதுசில் வந்தபடியே திருப்பி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அவர் வந்து உட்காரவும், முதலாளி மருந்துக் கம்பெனிக்காரரோடு பின்னால் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. திரை முழுக்கச் சாம்பல் நிறம். பொத்தான்கள் கடுகாகச் சிறுத்திருந்தன.

"அந்த எச்சரிக்கை வரியைக் கொஞ்சம் பெருசாக்குங்க," என்றார் கம்பெனிக்காரர்.

பெரிதாக்கும் பொத்தான் வழக்கமாக இருக்கும் இடத்தில் அழுத்தினார். "இப்ப சரியா சார்?"

"வரியே காணோமே."

முதலாளி சிரித்து மழுப்பினார். "சாப்பிட்ட மயக்கமாய்யா? திரும்பப் பண்ணு."

அதோடு போயிருக்கும். ஆனால் மனைவிக்கு மனசு கேட்கவில்லை, ஓடி வந்தாள். "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க சார். நான்தான் எல்லாத்தையும் மாத்தி வெச்சேன்."

"நீ போ," என்று டிசைனர் அவள் கையைப் பிடித்தார். அவள் கேட்கவில்லை. திரையை அவர் வைத்திருந்தபடியே கொண்டுவந்துவிட்டாள். கறுப்பில் மஞ்சளாக அந்தப் பெரிய பொத்தான்கள் எல்லார் முன்னாலும் வந்து நின்றன.

முதலாளியின் சிரிப்பு நின்றது. மேசையிலிருந்த மருந்து லேபிளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இவங்க லேபிள்தான், இதைக் கொஞ்சம் படி."

டிசைனருக்கு உயிர் வந்தது. அவரே வரைந்த லேபிள். மருந்தின் பெயர், அளவு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்பது வரை ஒரு வரி பிசகாமல் படித்து முடித்தார்.



"நாளையில இருந்து வர வேணாம்," என்றார் முதலாளி மெதுவாக.

"ஏன் சார்? சரியாத்தானே படிச்சேன்?"

மனைவி அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"இது பின்பக்கம்ங்க. இதுல ஒண்ணுமே இல்ல."