விஸ்வநத்தத்துச் சிவப்பு

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், விளக்கு வைத்ததும் நான் மாடிக்குப் போய்விடுவேன். சிவகாசியில் எங்கள் அச்சாபீசுக்கு மேலேயே வீடு. மொட்டை மாடியிலிருந்து விஸ்வநத்தம் பக்கத்து வானம் மறைப்பில்லாமல் தெரியும். வெளியூர் வியாபாரிகளுக்கு வெடிக் கம்பெனிகள் சாம்பிள் விட்டுக் காட்டும் நேரம் அது. குழாயிலிருந்து ஷெல் வாணம் மேலே ஏறி விரிந்து அணைந்த பிறகுதான் சத்தம் எங்கள் மாடிக்கு வந்து சேரும். எத்தனையோ கம்பெனிச் சரக்கு அந்த வானத்தில் வெடிக்கிறது. அதில் என் தம்பி அய்யாதுரையின் சரக்கு எது என்பது எனக்குத் தெரியும். அவனுடைய சிவப்பு வெளுக்காது.

மற்றவர்களுடைய சிவப்பு விரியும்போது சிவப்பாக இருக்கும், இறங்கும்போது ரோஸாகிவிடும். அவனுடையது அணையும் வரை சிவப்பு. இதை நான் தம்பி என்ற பாசத்தில் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்தவன் நான். மை தட்டில் சிவப்பைக் குழைத்து, ஒரு சொட்டு மஞ்சள் கூடிவிட்டால் மிஷினை நிறுத்தியவன். நிறத்தில் எனக்குப் பாசம் கிடையாது.

எங்கள் அப்பா காலத்தில் ஒரே தொழில், ஒரே கல்லாப்பெட்டி. வெடிக் கம்பெனியை அவன் பார்த்தான், அச்சாபீசை நான் பார்த்தேன். அப்பா போன பிறகு பாகம் பிரிக்க விருதுநகரில் பெரியப்பா வீட்டில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். சம்பந்திகளும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அய்யாதுரை சொன்னான்: "லேபிள ஒட்டுறவுகளுக்கு வெடியப் பத்தி என்ன தெரியும்?" நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. சபையில் மூத்தவனை இளையவன் அப்படிச் சொல்லக்கூடாது. அன்றும் அதுதான் என் அபிப்பிராயம், இன்றும் அதுதான்.

ஆனால் அந்தச் சிவப்பு என் கையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது அவன் லேபிள்களை வேறு யாரோ அடிக்கிறார்கள். கடைத்தெருவில் அந்தப் பெட்டியைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். வானத்தில் அப்படி ஒரு சிவப்பை விடுகிறவனுடைய பெட்டியின் மேல் செங்கல் பொடி நிறத்தில் ஒரு பூ.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் இரண்டாயிரத்து ஆறில் எனக்கு ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா கொண்டுவந்து கொடுத்தாள். புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கான சின்ன கேமரா. பேரப்பிள்ளைகளை எடுங்கள் அப்பா என்றாள். எடுத்தேன். பிறகு மாடியில் ஸ்டாண்டு போட்டு அய்யாதுரையின் வானத்தை எடுத்தேன்.

வரவில்லை. அதனோடு வந்த லென்ஸில் விஸ்வநத்தத்து ஷெல் ஒரு கடுகளவு தெரியும். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் படம் முழுக்க மணல் தூவியது போலிருக்கும். பூவின் நடுவில் வெள்ளையாக ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் ஆரஞ்சு. பீரோவில், தொழில் ஒன்றாக இருந்த காலத்தில் காலண்டர் படங்களுக்காக வாங்கிய நீள லென்ஸ் ஒன்று இருந்தது. பிலிம் கேமராவுக்கானது. அதை மாட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. பழைய லென்ஸைத் திருப்பும் மோட்டார் அந்தச் சின்ன கேமராவுக்குள் இல்லை. கையால் கடைசிவரை திருப்பினால், தெளிவு வரும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். சாவித் துவாரம் மாதிரி இருந்த அந்தக் கேமராவின் பார்வைக் கண்ணாடியில், புரை எடுத்த என் கண்ணுக்கு எது தெளிவு, எது மங்கல் என்று பிடிபடவில்லை.

மோட்டார் உள்ள பெரிய கேமரா மதுரையில் ஒரு கடையில் இருப்பதாக அறிந்தேன். காகிதம் வாங்கப் போகிற சாக்கில் போனேன். கண்ணாடி அலமாரிக்குள் அது தனியாக உட்கார்ந்திருந்தது. கடைக்காரப் பையன் எடுத்துக் கையில் கொடுத்தான். கனத்தது. கட்டைவிரல் போய்த் தங்க ஒரு பள்ளம் இருந்தது. கண்ணில் வைத்தேன். கடைக்கு எதிரே நின்ற ஆட்டோவின் நம்பர், டிரைவரின் காதில் சொருகியிருந்த பீடி, அத்தனையும் அகலமாக, வெளிச்சமாகத் தெரிந்தது. பட்டனை அமுக்கினேன். சின்ன கேமரா டப்பா மூடுவது மாதிரி சத்தம் போடும். இது எங்கள் அச்சாபீசின் கட்டிங் மிஷின், நல்ல தாளை ஒரே வெட்டில் வெட்டுகிற மாதிரி ஒலித்தது.

"சார், உங்க வயசுக்கு இது வெயிட்டு. இதே கம்பெனியில லைட்டா ஒண்ணு இருக்கு, காட்டவா?" என்றான் பையன்.

"அந்த லைட்டு எங்கிட்ட இருக்கு தம்பி" என்று சொல்லிக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாங்க வசதி இல்லாமல் இல்லை. வாங்கினால் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சின்னதே போதும். வேறு எதற்கு என்று நான் என் வாயால் சொல்ல முடியாது. அதனால் அந்த வருஷம் மதுரைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடைக்குள் போய், அதைக் கையில் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கமாயிற்று. ஊருக்கு வந்த பிறகும் கட்டைவிரலில் அந்தப் பள்ளம் இருப்பது போல இருக்கும். ஆபீசில் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருப்பேன். "என்னப்பா, மேஜையில சிராய் கிராய் இருக்கா?" என்று என் மகன் சரவணக்குமார் ஒரு நாள் குனிந்து பார்த்தான்.

இரண்டாயிரத்து எட்டு, ஆவணி மாதம். சீசன் சூடு பிடித்திருந்தது. ஒரு சாயங்காலம் மாடியில் நிற்கிறேன், அய்யாதுரை அடுத்தடுத்து விடுகிறான். அப்படி ஒரு சிவப்பை அதுவரை அவன் விட்டதில்லை. என் கேமராவில் எல்லாம் ஆரஞ்சுக் குப்பை. மறுநாள் காலையில் மதுரைக்குப் போய் வாங்கிவிட்டேன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் என் மனைவி பாலம்மாள் வந்து பார்த்தாள்.

"இருக்கிறதுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"அதுல மோட்டார் இல்ல."

"எதுல? நீங்க எடுக்கிற படத்துக்கு மோட்டார் எதுக்குங்க, தண்ணியா எறைக்கப் போறீக?"

அன்று சாயங்காலம் நீள லென்ஸை மாட்டி, தூரத்து வாட்டர் டேங்க் விளக்கைக் குறி வைத்தேன். லென்ஸ் உறுமிக்கொண்டு தானாகத் திரும்பி நின்றது. விளக்கு ஊசிமுனையாகத் தெரிந்தது. அய்யாதுரையின் முதல் ஷெல் ஏறியது. எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மணல் இல்லை, நடுவில் ஓட்டை இல்லை. ஒவ்வொரு பொறியும் தனித்தனியாக இருந்தது.

நிறம்தான் இல்லை. நடுவே கிடக்கும் ஊர்த் தூசியும், தெருவிளக்குகளின் மஞ்சளும், மற்ற கம்பெனிகளின் புகையும் சேர்ந்து அந்தச் சிவப்பைத் தின்றிருந்தன. எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மறுநாளும் அப்படியே. சின்ன கேமரா இருந்தவரை குறையை அதன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக ஏங்க முடிந்தது. இப்போது கேமராவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் நிற்கிற இடம்தான் தூரம்.

பாலம்மாள் காபியோடு மாடிக்கு வந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கிட்டக்கப் போயி எடுத்தா என்ன?"

"எங்க?"

"எங்கன்னு எனக்குத் தெரியாதா? கண்மாய்லதான விடுறாக. யாரு வேணா கரையில நின்னு பாக்கலாம்."

"நான் போயி அங்கன நிக்கவா? அவன் முன்னாலயா?"

"நீங்க அண்ணனாப் போக வேண்டாம். இம்புட்டுப் பெரிய கேமராவக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போனா, போட்டோ பிடிக்க வந்தவுகன்னு நெனச்சுக்கிருவாக."

"என்னை ஸ்டூடியோக்காரன்னு சொல்றியா?"

"சும்மா போனா கௌரவக் கொறச்சல். போட்டோக்காரராப் போனா தொழிலு. யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

யோசித்தேன். விஸ்வநத்தம் கண்மாய் அரசாங்கத்தினுடையது. தண்ணீர் இல்லாத மாதங்களில் எல்லாக் கம்பெனிக்காரர்களும் அங்கேதான் சாம்பிள் விடுகிறார்கள். அவன் கம்பெனி வாசலை நான் மிதிக்கப் போவதில்லை. மறுநாள் சாயங்காலம் சலவை வேட்டி கட்டி, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன்.

கரையில் ஸ்டாண்டை ஊன்றும்போதே கீழே இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். கண்மாய்க்குள் மணலில் குழாய்களைப் புதைத்துக்கொண்டிருந்தவன் சுடலை. அப்பா காலத்திலிருந்து எங்கள் கம்பெனி ஃபோர்மேன், பாகத்தில் தம்பியோடு போனவன். நிமிர்ந்து, "அண்ணா..." என்று ஆரம்பித்து மென்று விழுங்கினான். சற்றுத் தள்ளி நின்ற அய்யாதுரை திரும்பவே இல்லை. அவன் குரல் மட்டும் கேட்டது.

"கரையில யாருலே அது?"

"அது... போட்டோ எடுக்க வந்திருக்காக மொதலாளி."

"எந்த ஊருப் போட்டோக்காரரு?"

"நம்ம சிவகாசிதான்."

"காத்து அங்கிட்டுத்தான் போகுது. அங்கன நின்னா பொகை மூஞ்சில அடிக்கும். இங்கிட்டு எறங்கி வந்து நிக்கச் சொல்லு."

பேச்சு நின்ற வீடுகளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. கல்யாணத்திலோ துட்டி கேட்கப் போன சாவு வீட்டிலோ எதிரெதிரே நிற்க நேர்ந்தால் மூன்றாவது ஆளிடம் சொல்வோம். அவர் அதை எடுத்துச் சொல்வார். இருவர் காதிலும் முதலிலேயே விழுந்திருக்கும். அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சுடலை மூச்சு வாங்கக் கரையேறி வந்து சொன்னான்: "இங்கன பொகை அடிக்குமாம். கீழ வந்து நிக்கச் சொல்றாக."

"கேட்டுச்சு."

"கேட்டுச்சாம் மொதலாளி!"

இறங்கினேன். ஸ்டாண்டை நட்டுச் சின்ன லென்ஸை மாட்டினேன். எனக்கும் தம்பிக்கும் நடுவில் சுடலை நின்றான், எந்தப் பக்கம் முகம் வைப்பது என்று தெரியாமல்.

"போட்டோக்காரவுகளுக்கு ஒரு நாற்காலி கொண்டாந்து போடு சுடலை. வயசானவுக மாதிரி தெரியுது" என்றான் அய்யாதுரை.

"எனக்கும் அவுகளுக்கும் நாலு வயசுதான் வித்தியாசம்னு சொல்லு. நிக்கக் கால் இருக்கு."

"கண்ணுல ஆபரேசன் பண்ணியிருக்காகளே, பொகை ஆகுமான்னு கேளு."

"அது யாரு சொன்னதுன்னு கேளு" என்றேன்.

"ஊருல பேசிக்கிட்டாகன்னு சொல்லு. டாக்டர் விட்டுட்டாகளான்னு கேளு."

"விட்டாச்சுன்னு சொல்லு."

சுடலை எதையும் எடுத்துச் சொல்வதை விட்டுவிட்டுத் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான்.

"என்ன விடணும்னு கேளு."

"சிவப்பு" என்றேன்.

அய்யாதுரை பெட்டியைத் தானே குனிந்து திறந்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுடலையிடம் கொடுத்தான். திரியில் தீ வைத்துவிட்டுச் சுடலை ஓடி வந்தான். நான் கேமராவின் ஷட்டரைத் திறந்துவிட்டேன். அது பாட்டுக்கு வாங்கிக்கொள்ளட்டும் என்று கண்ணை எடுத்து மேலே பார்த்தேன். ஷெல் விரிந்ததும் என் பார்வை கீழே இறங்கிவிட்டது. அத்தனை வெளிச்சத்தில் அய்யாதுரையின் முகம் தெரிந்தது. மீசை முழுக்க நரைத்துவிட்டது. வாயைக் கொஞ்சம் திறந்து, அண்ணாந்து, விழுந்து வரும் ஒவ்வொரு பொறியும் அணையும் வரை எண்ணுவது போல நின்றான். சின்ன வயதிலும் அப்படித்தான் நிற்பான்.

இருட்டானதும் அவன் முகம் போய்விட்டது.

"படம் சரியா விழுந்துச்சான்னு கேளு."

கேமராவின் முதுகில் இருந்த திரையைப் பார்த்தேன். நடுவில் ஓட்டை இல்லை, ஓரத்தில் ஆரஞ்சு இல்லை. மை தட்டில் நான் எத்தனையோ தடவை குழைத்துத் தேடிய அதே சிவப்பு, நுனி வரைக்கும். மிஷினை நிறுத்த ஒரு காரணமும் இல்லாத படம். சுடலையும் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தீ" என்றான் மெதுவாக.

"சரியா விழலைன்னு சொல்லு" என்றேன்.

சுடலை என் முகத்தைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரியா விழலையாம் மொதலாளி."

"இம்புட்டுப் பெரிய கேமராவுலயுமா விழல?"

"அதுலயும் விழலையாம்."

அய்யாதுரை காலால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு லோடு ஏத்துற வேலை இருக்கு. நாளக்கழிச்சுச் சாயங்காலம் வரத் தோதுப்படுமான்னு கேளு. செவப்பு மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன்."

சுடலை வாயைத் திறப்பதற்குள், தம்பியின் முகத்தைப் பார்த்தபடியே நான் சொன்னேன்:

"தோதுப்படும்."