ஞிலமி என்றொரு நட்சத்திரம்

கோவில்பட்டியில் ஒரு காலத்தில் வானத்தைவிடத் தீப்பெட்டிகளில்தான் நட்சத்திரங்கள் அதிகம். ஒரு முதலாளி ‘நட்சத்திரம்’ என்று லேபிள் போட்டுவிட்டால் அடுத்த முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். அவருக்கும் அதே படம் வேண்டும், பெயர் மட்டும் வேறாக வேண்டும். லேபிள் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த கண்ணபிரானிடம் ஓடி வருவார்கள். அவரும் தாரகை, விண்மீன், உடு, சுக்கை, நாண்மீன் என்று மடியிலிருந்து எடுத்துப் போடுவதுபோலப் போடுவார். அவர் ஓய்வுபெற்ற அன்று போட்ட மாலையின் கனத்தில் மேடையே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பேர்ப்பட்ட ஆள்.

அந்த ஆளுக்குத்தான் ஒரு வாரமாகச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

எல்லாம் கடலைமிட்டாய்க் கடை நந்தகோபாலால் வந்தது. அவன் மூத்த மகளுக்குத் தாரகை என்று பெயர் எடுத்துக்கொடுத்தது கண்ணபிரான்தான். இரண்டாவதும் பெண்.

“அண்ணாச்சி, இவளுக்கும் நட்சத்திரம்னே அர்த்தம் வரணும். ஆனா உத்திரட்டாதியில பொறந்திருக்கா. ‘ஞ’ வரிசையிலதான் பேரு வைக்கணும்னுட்டாரு ஜோசியர்.”

கண்ணபிரான் மனத்துக்குள் அகராதியைப் புரட்டினார். ஞமலி என்றால் நாய். ஞெண்டு என்றால் நண்டு. ஞிமிறு என்றால் வண்டு. காடு மேடெல்லாம் கிடைத்தது, வானம் மட்டும் கிடைக்கவில்லை.

“ஞாயிறுன்னு வையேன். சூரியனும் ஒரு நட்சத்திரந்தானல.”

“வேண்டாம் அண்ணாச்சி. லீவு நாளு வருதுன்னு கேலி பண்ணுவானுவ.”

கடையில் நின்றவர்கள் கடலைமிட்டாய் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள். ‘தெரியாது’ என்ற சொல் அந்த வாயிலிருந்து அதுவரை வெளியே வந்ததில்லை. அன்றைக்கும் அது வழி தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்டது.

“ஞிலமி” என்றார். “மழை வெறிச்சு வானம் தெளிஞ்ச பொறவு நடுங்கி நடுங்கி மின்னுமே, அந்த நட்சத்திரத்துக்குப் பேரு.”

அந்த நொடியில் பிறந்த சொல் அது. குழந்தையைவிட வயதில் இளையது.

நந்தகோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. கை கொள்ளாத அளவுக்குக் கடலைமிட்டாய் பொதிந்து கொடுத்தான். வீட்டில் உமாதேவி பொதியை வாங்கி, நடந்ததைக் கேட்டுக்கொண்டே கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

“இந்தச் சொல்லு அகராதியில இருக்கா?”

“பெரிய அகராதியில இருக்கும்.”

“எம்புட்டுப் பெருசு?”

அவர் விசிறியைத் தேடினார்.

“தீப்பெட்டிப் பேரு குச்சி தீந்ததும் குப்பைக்குப் போயிரும். இது புள்ள. அந்தப் பேரோடதான் கடைசி வரைக்கும் கெடக்கணும். போயி உள்ளதைச் சொல்லிருங்க.”

சொல்லத்தான் தினமும் கிளம்பினார். ஒரு நாள் போனபோது அந்தப் பெயரோடு அழைப்பிதழ் அடித்து வந்திருந்தது. இன்னொரு நாள் போனால், கடைக்கும் அதே பெயரை வைத்து, பலகையில் பெயின்டர் ‘ஞி’க்குக் கொக்கி போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொக்கி கண்ணபிரானின் நெஞ்சுக்குள் இறங்கியது. சில்லறைக்கு வந்தவர்போல ஒரு நோட்டை மாற்றி வாங்கிக்கொண்டு திரும்பினார்.

பெயர் சூட்டும் நாளும் வந்தது. பேரைக் கண்டெடுத்தவரே காதில் ஓதட்டும் என்று அவரைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் உட்காரவில்லை.

“எல்லாரும் என்னைய மன்னிக்கணும். ஞிலமின்னு ஒரு சொல்லே கெடையாது. நானா உண்டாக்குனது.”

நந்தகோபாலின் முகம் அணைந்த தீக்குச்சிபோல ஆயிற்று. அப்போது அவனுடைய அம்மா முத்துமாரியம்மாள் முன்னால் வந்தாள். பசுவந்தனையில் பிறந்தவள், குரலும் கரிசல் காட்டைத் தாண்டிக் கேட்கும்.

“என்ன அண்ணாச்சி பேசுதீங்க? மழை வெறிச்சதும் எங்கய்யா வெளிய வந்து மேல பாப்பாவ. ‘ஞிலமி கண்ணு முழிச்சிட்டா, வெதைப்புக்குக் கெளம்புங்கல’ம்பாவ. இந்தக் காதால கேட்டிருக்கேன்.”

“கேட்டிருக்க முடியாதும்மா. நான் போன வாரந்தான்...”

“செத்துப்போன எங்கய்யாவைப் பொய்யாக்குதீங்களா?”

ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்திருந்த கிட்டு எழுந்தார். ஆடு வளர்க்கிறவர். “நெத்தியில வெள்ளப்புள்ளி இருக்க குட்டிய எங்க பக்கம் ஞிலமின்னுதான் கூப்பிடுவோம்” என்றார். ஜோசியர், பழைய பஞ்சாங்கம் ஒன்றில் பார்த்த நினைவு இருப்பதாகச் சொன்னார். பந்தியில் இலை போடுவதற்குள் அந்தச் சொல்லுக்குக் கழுகுமலைப் பாறையைவிட வயதாகிவிட்டது.

ஒற்றை ஆள் சொன்ன பொய்யாக இருந்தவரையில் கண்ணபிரான் சுமந்துவிட்டார். இப்போது கூடம் முழுக்கச் சாட்சி; விதைப்புக்குப் போன ஒரு மனுசரைச் சுடுகாட்டிலிருந்து இழுத்துவந்து நிறுத்தியாயிற்று.

குழந்தையின் அம்மா ஐஸ்வர்யா மட்டும் அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “மாமா, நெசமாத்தான் சொல்லுதீங்களா?”

“ஆமாம்மா. என்னைய ஏசு.”

“நாளைக்கு இவ வந்து, ‘எம் பேருக்கு என்ன அர்த்தம்’னு கேட்டா?”

அவள் குழந்தையின் நெற்றியைத் தடவினாள்.

“கேட்ட அன்னைக்கே இந்தப் பேரு எனக்குப் புடிச்சிப்போச்சி. மாத்த மனசு வரல. ஆனா இவகிட்ட மறைக்காதீங்க மாமா. பேரு அவளோடது. ஓதும்போதே உள்ளதைச் சொல்லிருங்க.”

கண்ணபிரான் குனிந்தார். அந்தச் சின்னக் காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னார். அதோடு நிமிரவில்லை. “தாயீ, இது நான் பெருமைக்குக் கட்டிவிட்டது. ஒனக்கு வேண்டாம்னா வளந்து வந்து என் சட்டையப் புடிச்சிக் கேளு. பேரை நானே திருப்பி வாங்கிக்கிடுதேன்” என்றார்.

“என்ன ரகசியம் அம்புட்டு நேரம்?” என்று கேட்டுக்கொண்டே முத்துமாரியம்மாள் எட்டிப்பார்த்தாள். “ஆத்தி, பேரைக் கேட்டதும் சிரிக்கா பாருங்க.”

குழந்தை கொட்டாவிதான் விட்டது. கண்ணபிரான் பக்கத்தில் இருந்து பார்த்தார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னால் நம்புவதற்கு அந்த வீட்டில் ஐஸ்வர்யாவை விட்டால் ஆள் இல்லை.