அக்காவும் ‘மேம்படுத்து’ பொத்தானும்

1

இந்தக் கதை ஒரு கணினியின் மேல் எனக்கு வந்த வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் காகிதத்தில் கிறுக்குவேன். அக்கா தாள் தாளாக வாங்கிக் கணினியில் தட்டுவாள். பத்தொன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. தட்டும்போதே சதுர அடைப்புக்குறிக்குள் தன் கருத்தையும் சொருகிவிடுவாள். அச்சுக்குப் போகுமுன் அவற்றை நீக்குவது என் வேலை. இந்த முறை நீக்கப்போவதில்லை. [நீக்கித்தான் பாரேன்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: புதிய இயங்குதளம் வந்திருப்பதாகத் திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப்பார்த்தபோது, பயந்த சுபாவமுள்ள அந்தப் பெண்மணி— [யாருடா பயந்தவ? நான் குதிச்சேன். உள்ளதை எழுது.]

சரி, குதித்தாள். கணினி மேசையின் சுழல் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டும் அளவுக்கு. புதியதில் நாம் பேசினால் போதுமாம், அதுவே எழுதிக்கொள்ளுமாம்! இரண்டு வருடமாக வலது மணிக்கட்டு வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு தட்டுகிறவள் வேறென்ன செய்வாள்?

நான்தான் முட்டுக்கட்டை போட்டேன்.

“பழைய மென்பொருள் இதுல ஓடாதுக்கா. என் நாவல் பூரா அதுக்குள்ளதான் கிடக்கு. திறக்கவே முடியாமப் போயிட்டா?”

அவள் அலமாரியைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், நாடா கட்டிய கட்டு.

“அந்தப் பெட்டி வந்த அன்னிக்கே அச்செடுத்துட்டேன். வேற சாக்கு இருக்கா?”



3

(அடிக்குறிப்பில் ஒளித்திருக்க வேண்டியது: நாவல் வெறும் சாக்கு. கணினியே கேட்டு எழுதிக்கொள்ளும் என்றால், என் கதையை முதலில் படிக்கிற ஆள், படித்து முகம் சுளிக்கிற ஆள்— [பாதியில விட்டதை அப்படியே தட்டியிருக்கேன்.])

முடிவுக்கு இரண்டு வழி யோசித்தேன். ஒன்று: அக்கா ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அழுத்துகிறாள், வலியோடு தட்டிக்கொண்டே இருக்கிறாள். அப்படி எழுதினால் நான் மனிதனே இல்லை. இரண்டு: [ரெண்டாவதை நீ எழுத வேண்டாம். இதையும் அச்செடுத்துட்டு ‘மேம்படுத்து’வை அழுத்தப்போறேன். நாற்பது நிமிஷம் ஆகுமாம். போய் டீ போடு.]

4

(இது கணினி தானாக எழுதிக்கொண்டது. ஓர் எழுத்தைக்கூட நாங்கள் தொடவில்லை.)

அக்கா பேசட்டுமா பேசுடா அது கேட்டுட்டிருக்கு ஐயோ எழுதுதுக்கா ஆமாடா எழுதுது எழுதுது கையே வைக்கல பாரு ஏன்டா மூஞ்சிய அப்படி வெச்சிருக்க இனிமே நீ எதுக்குன்னு ஆயிடுமோன்னு பயமா இருக்குக்கா அட லூசு உன்னைத் திட்ட ஆள் வேண்டாமாடா இப்ப கையும் சும்மா இருக்கு இன்னும் நல்லாத் திட்டுவேன் ஐயையோ அக்கா இதையும் எழுதிக்கிச்சு அழிச்சிடு அழிக்க மாட்டேன் போடா

5

யார் எதைச் சொன்னது என்று கணினிக்குத் தெரியவில்லை. அடைப்புக்குறி ஒன்றைக்கூட அது போடவில்லை. எங்கள் இருவருக்கும் பிரிக்கத் தெரியும், மனம்தான் வரவில்லை. தேவைப்பட்டால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தாம் பகுதியும் சொல்லி எழுதியதுதான். இதைச் சொன்னது தம்பிதான் என்று உங்களுக்கு யார் சொன்னது?