சேரக்கா வீட்டில் நாற்காலி

ஈரத்துணியைப் பிழிந்து, அடுக்கின் மேலே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவன் துடைத்துக்கொண்டிருந்தான். தூசி சட்டென்று போகவில்லை. வாசலில் அதற்குள் நாலைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே, முன்னறைக் கட்டிலில், அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, கண்ணில் விளக்கடித்து, தலையை ஆட்டிவிட்டுப் போய் வெகுநேரம் ஆகவில்லை.

அந்தப் பக்கத்தில் யார் வீட்டில் யார் இறந்தாலும், சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்பே இந்த வீட்டுக்குப் போன் வந்துவிடும். நாற்காலி வேண்டும் என்பார்கள். இன்றைக்கு யாரும் போன் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தான். அப்படி நினைக்கத் தோன்றியதே என்று தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

"என்னடா இதைப் போடற?"

அம்மாவின் தங்கை வாசற்படியில் நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வேற என்ன சித்தி போட?"

"இரும்பு நாற்காலி எங்க?"

"கல்யாணத்துக்குப் போயிருக்கு. காலையிலதான் போச்சு."

"மொத்தமுமா?"

"மொத்தமும்தான்."

சித்தி அவன் கையிலிருந்த வெள்ளை நாற்காலியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், வந்திருந்தவர்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். பிறகு கிட்டே வந்து, "எங்க அக்கா இதைத் தொடக்கூட மாட்டாடா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அது உண்மைதான்.

சேர் வாடகைக்கு விடுவதால் அம்மாவை ஊரில் எல்லோரும் சேரக்கா என்பார்கள். அப்பா இருந்தபோது தொடங்கிய வாடகை நாற்காலிக் கடையை, அவர் போனபின் அவள்தான் நடத்தினாள். மடக்கு நாற்காலிகள், எல்லாம் இரும்பு. இருக்கை நெளிந்தால் மரக்கட்டையின் மேல் கவிழ்த்துப் போட்டு அவளே தட்டி நிமிர்த்துவாள். ஆணி தளர்ந்தால் மாற்றுவாள். காலில் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ் கழன்றால் அன்றைக்கே புதுசு போட்டுவிடுவாள். மழைக்காலத்தில் வேலை குறையும்போது எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பாள். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியவை இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் சாம்பல் என்று மாறினதைத் தவிர வேறு மாற்றமில்லை.

பிளாஸ்டிக் வாங்கியது அவன். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுக்காரர், முந்தின நாள் இதே நாற்காலிகள் ஒரு சாவு வீட்டு வாசலில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார். வண்டி தெருவுக்குள் திரும்பி வந்தபோது அக்கம்பக்கம் முழுவதும் வேடிக்கை பார்த்தது. அவனுக்கு அவமானமாகப் போய்விட்டது. நல்ல காரியத்துக்கு இரும்பு, துக்கத்துக்கு பிளாஸ்டிக் என்று பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தான். இருப்பதிலேயே மலிவான ரகமாகப் பார்த்து வாங்கி வந்து இறக்கினான். ஒற்றை விரலில் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு.

அம்மா ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையால் முதுகை அழுத்தினாள். அது வளைந்து கொடுத்தது.

"இதை எந்த வீட்டுக்கு அனுப்பப் போற?"

"சாவு வீட்டுக்கும்மா. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறதுக்கு இது போதாதா? ஒடைஞ்சா போவுது, வேற வாங்கிக்கலாம்."

"நீ என்னத்தைப் பாத்த? கல்யாணத்துல எவன்டா உக்காருறான்? போட்டோவுக்கு ஒரு தடவை, பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்க ஒரு தடவை, அப்புறம் சாப்பிட ஓடிடுவான். சாவு வீட்டுலதான் உக்காருவாங்க. மணிக்கணக்கா. போயிடலாம்னு தோணும், போக மனசு வராது. பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது. சும்மா உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு இதைக் குடுப்பியா?"

அவள் கையிலிருந்ததை வாங்கி அவன் அடுக்கில் வைத்தான். அவள் அதற்கப்புறம் வற்புறுத்தவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் பின்கட்டில் தகரத்துக்கு அடியில் அடுக்கிக் கிடந்தன. அவன்தான் அனுப்புவான், அவன்தான் திரும்பி வந்ததை எண்ணி வாங்குவான். உடைந்தவை சுவரோரம் சேர்ந்துகொண்டே போயின. பழைய இரும்பு எடுக்க வருகிறவன் அவற்றைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சும்மா குடுத்தாக்கூட வேணாம் சார்," என்று போய்விட்டான். அன்றைக்கு அம்மா சமையலறையிலிருந்து சிரித்தது அவனுக்குக் கேட்டது.

இன்று விடியும்போது அவள்தான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கல்யாணத்துக்கான நாற்காலிகளை ஏற்றினாள். கடைசி நடை கிளம்பும்போது டிரைவரிடம், "மண்டபத்துத் தரை வழவழன்னு இருக்கும், புஷ் எல்லாம் இருக்கான்னு பாத்துப் போடு," என்றாள். பிறகு உள்ளே வந்து, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தாள். அவன் மனைவி டீ எடுத்துக்கொண்டு போய் எழுப்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை.

துடைத்த நாற்காலிகளை வாசலில் வரிசையாகப் போட்டுவிட்டு, அவன் மனைவியிடம் போய்ச் சொன்னான்.

"மண்டபம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். "இப்பவா?"

"கொஞ்சம் நாற்காலியாவது எடுத்துட்டு வரேன்."

"கல்யாணம் நடக்கற எடத்துலேர்ந்தா?"

"போய்ப் பாக்கறேன்."

மண்டபத்தில் பாட்டுச் சத்தம் வெளியே வரை கேட்டது. அவன் செருப்பு ஸ்டாண்டையும் கண்ணாடிக் கதவையும் தாண்டி ஓரமாக உள்ளே நுழைந்தான். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டிருந்தார்கள். போட்டோகிராபர் மாப்பிள்ளையின் மோவாயைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கூட்டம் சாப்பாட்டு ஹாலின் பக்கம் முண்டியடித்தது. அம்மா சொன்னது போலத்தான் இருந்தது. முன்வரிசைகளில் கைப்பைகள் உட்கார்ந்திருந்தன. ஒரு நாற்காலியில் யாரோ கழற்றிப் போட்ட கோட்டு. இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு ஒரு குழந்தையைத் தூங்கவைத்திருந்தார்கள். பின்னால் வரிசை வரிசையாகக் காலி.

டிரைவர் தூணோரம் நின்று கையில் தட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கடையில் பதினாறு வயதில் சேர்ந்தவர், இப்போது அவருக்கே பேரப்பிள்ளைகள். அவனைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி, இந்த நேரத்துல?"

சுற்றிலும் பார்த்துவிட்டு, அவர் காதோரம் சொன்னான்.

டிரைவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "காலையில என்கிட்டப் பேசினாங்களே," என்றார். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"இங்க வேணாம். கல்யாண வீடு."

அவர் தோளில் கிடந்த துடைக்கிற துணியை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். சமாளித்துக்கொண்டு, "பின்னாடி அத்தனையும் காலியாத்தான் கெடக்கு. ஓரமா எடுத்துடலாம் தம்பி. யாரும் கவனிக்க மாட்டாங்க," என்றார்.

அதற்காகத்தான் அவனும் வந்திருந்தான். கடைசி வரிசையில் ஒன்றின் முதுகில் கையை வைத்தான். குளிர்ந்திருந்தது. மடக்கினால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஏன் எடுக்கிறாய் என்பார்கள். அவன் சொல்லியாக வேண்டும்.

"என்னப்பா, சேரக்கா வரலையா?"

பெண்ணின் அப்பா. புதுச்சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "அவங்க வந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு அடிச்சுச் சொல்லியிருந்தேனே. என் கல்யாணத்துக்கே அவங்க வீட்டு நாற்காலிதான், தெரியுமா? வரேன்னாங்களே."

"கொஞ்சம் முடியல," என்றான். "படுத்திருக்காங்க."

"அப்படியா? பாத்துக்கப்பா. வயசாகுதில்ல. நாளைக்கு நானே வந்து பாக்கறேன்னு சொல்லு." போகத் திரும்பியவர் நின்றார். "அங்க ஒரு சேர் தரையில கீறுதுப்பா. மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான். கொஞ்சம் பாரு."

அவன் போய்ப் பார்த்தான். பின்னங்கால் ஒன்றில் புஷ் இல்லை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். நாற்காலியைக் கவிழ்த்து, ஒன்றை எடுத்துக் குழாயின் வாயில் வைத்து, உள்ளங்கையால் அடித்து இறக்கினான். முதல் அடியில் ஏறவில்லை. மறுபடி அடித்தான். ஏறிய பிறகும் இன்னொரு முறை அடித்தான். நிமிர்த்தி வைத்து அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. யாரோ ஒரு பெரியவர் அப்பாடா என்று வந்து அதில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் ஏத்திட்டு வாங்க," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

அவன் திரும்பியபோது வீட்டு வாசல் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சிலர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். "என்னாச்சு?" என்று சித்தி கண்ணால் கேட்டாள். அவன் கையை விரித்தான்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். ரொம்ப காலம் லாரி ஓட்டியவர், கனத்த உடம்பு. உள்ளே போய்த் தங்கையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கண் கலங்கவில்லை. யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தார். பின்னங்கால்கள் இரண்டும் மெல்ல அகன்று விரிந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். படக்கென்று ஒரு சத்தம். மாமா கால்களை நீட்டியபடி தரையில் இருந்தார். அவருக்குக் கீழே நாற்காலி நாலு துண்டு.

ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சிரித்தவர் பதறிப்போய் இருமினார். அது இன்னொருவரைத் தொற்றியது. மாமாவே சிரித்தார், தோள் குலுங்க.

"சேரக்கா வீட்டுல உக்கார நாற்காலி இல்ல பாரு," என்றார்.

அவன் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தான். அவர் பிடித்துக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. "விடுடா. இப்படியே இருக்கேன்." சிரித்துக்கொண்டிருந்தவர் அழத் தொடங்கியது எப்போது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் கையை அவர் விடவே இல்லை.

எதிர்வீட்டு டெய்லரம்மா எழுந்து போனாள். கிளம்பிவிட்டாள் என்றுதான் அவன் நினைத்தான். தையல் மிஷினுக்கு முன்னால் போட்டு உட்காரும் மரநாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். இருக்கையில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. மாமாவுக்குப் பக்கத்தில் வைத்து, "இதுல உக்காருங்கண்ணே, இது தாங்கும்," என்றாள்.

அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் தன் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளைக் கொண்டுவந்தார். தவணையில் வாங்கியவை, இப்போதே ஒட்டுப்பலகை பிளந்திருந்தது. "சாஞ்சு மட்டும் உக்காராதீங்க," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்தார். மெடிக்கல் ஷாப்காரர் கடையிலிருந்த சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர், அழுகிற பக்கமெல்லாம் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தார். ஸ்டூல்கள் வந்தன. ஒரு பெஞ்சு வந்தது. மாடி வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரு சோபாவைப் படியில் இடித்து இடித்து இறக்கினார்கள். ஒன்றுக்கொன்று பொருத்தமே இல்லை. உட்கார்ந்திருந்தவர்களின் தலைகள் மேலும் கீழுமாகத் தெரிந்தன. யாரும் பேசவில்லை. யாரும் போகவும் இல்லை.

சாயங்காலம் அமரர் ஊர்தி வந்தது. அம்மாவை எடுத்தார்கள். அவன் ஒரு பக்கம் பிடித்தான். இத்தனை லேசாக இருப்பாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து அவன் திரும்பியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தெருவில் அவரவர் நாற்காலியை அவரவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இடத்தில், வீட்டு வாசல் முழுக்க, இரும்பு நாற்காலிகள் விரித்துப் போடப்பட்டிருந்தன. நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாக. ஒன்றிலும் ஆளில்லை. டிரைவர் வண்டியின் முன்சீட்டில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தார்.

மனைவி வாசலுக்கு வந்தாள். "எல்லாரும் போயிட்டாங்க, இனிமே எதுக்குன்னு கேட்டேன். காதுலயே வாங்கல. ஒவ்வொண்ணா எறக்கித் தொடைச்சுப் போட்டுட்டாரு."

"இருக்கட்டும்."

"எடுத்து வைக்கச் சொல்லவா?"

"தூங்கட்டும். நான் எடுக்கறேன்."

அவள் உள்ளே போனாள். அவன் படியிலேயே நின்றான். தெருமுனையிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். ஏதோ துணிக்கடையின் யூனிபார்ம், நெஞ்சில் பெயர் அட்டை, தோளில் டிபன் பை. இந்தத் தெருக்காரி இல்லை. நாற்காலிகளைப் பார்த்ததும் நடை தயங்கியது. அக்கம்பக்கம் பார்த்தாள். ஓரத்து நாற்காலியில் பாதியாக உட்கார்ந்தாள். பிறகு முழுசாக. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கண் மூடிக்கொண்டது.

கண் திறந்தபோது அவனைப் பார்த்துவிட்டாள். பதறி எழப்போனாள்.

"மன்னிச்சுக்குங்க. நாள் பூரா நின்னுட்டே... ஏதாவது விசேஷமா இங்க?"

"இல்ல," என்றான். "உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். அவன் மறுகோடிக்குப் போய், சத்தம் வராமல், நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினான்.